யானை விலை, தீனி விலை

யானையைக் கட்டித் தீனி போட முடியுமா என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. செகண்ட் ஹேண்டில் ஸ்போர்ட்ஸ் கார் வாங்க ஆசைப்படுகிறவர்களுக்காகவே யாரோ சொல்லி வைத்த மாதிரி இருக்கும்!

எளாவூரில் ஒரு லேத் பட்டறைக்காரர் இருக்கிறார். ஐம்பதை நெருங்கும் வயது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உள்ள கம்பெனிகளுக்கு ஷாஃப்ட், புஷ் எல்லாம் கடைந்து கொடுப்பவர். புதிதாக ஒரு சி.என்.சி. மெஷின் போட வேண்டும் என்று நான்கைந்து வருடமாகப் பணம் சேர்த்து வைத்திருந்தார். அந்த நேரம் பார்த்து மொபைலில் ஒரு விளம்பரம் வந்தது. 2008 மாடல் போர்ஷே பாக்ஸ்டர். ஹைதராபாத் பதிவு, மூன்றாவது ஓனர், 28,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. கேட்கும் விலை, ஒரு புது இன்னோவாவின் விலை. அவ்வளவுதான்!

அன்று இரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை.

காரணம் பழையது. எளாவூரிலிருந்து சென்னைக்குப் போகும் அதே நெடுஞ்சாலையில்தான் சோழவரம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் காலத்தில் போட்ட விமான ஓடுதளம் அங்கே உண்டு. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்த ஓடுதளத்தில்தான் பல வருடங்கள் கார், பைக் பந்தயங்களை நடத்தியது. எண்பதுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாய்மாமன் இவரை பஸ்ஸில் அங்கே கூட்டிப் போனார். பத்து வயதுப் பையன் மாமன் தோளில் உட்கார்ந்து பார்த்தான். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் புதுப் பந்தயத் தளம் வந்ததும் சோழவரத்தில் சத்தம் அடங்கிவிட்டது. அந்தப் பையன் காதில் மட்டும் அடங்கவில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். இப்படிப்பட்ட கார் ஏன் இவ்வளவு மலிவாக வருகிறது? காருக்கு வயதாக வயதாக அதன் விலை இறங்கும். ஆனால் அதன் உதிரி பாகங்களின் விலை இறங்காது. கிளட்ச், பிரேக் டிஸ்க், ஹெட்லைட் எல்லாம் ஒரு கோடி ரூபாய் காருக்கு என்ன விலையோ அதே விலைதான். சொல்லப்போனால் வருடா வருடம் ஏறும். யானைதான் கிழடாகிறது, தீனி இளைப்பதில்லை.

யானை இலவசமாகவே வந்தாலும் இதே கதைதான். டான் பிராட்மேனின் 29 டெஸ்ட் சதங்களைச் சமன் செய்ததற்காக 2002-ல் சச்சின் டெண்டுல்கருக்கு ஃபெராரி 360 மொடேனா பரிசாக வந்தது. கொடுத்தவர் மைக்கேல் ஷூமேக்கர். கார் பரிசு, சுங்க வரி பரிசு அல்ல! அது மட்டும் சுமார் 1.13 கோடி ரூபாய். அரசு வரி விலக்கு கொடுத்ததும் 2003-ல் பெரிய சர்ச்சையாகி, கடைசியில் ஃபியட் நிறுவனமே அந்த வரியைக் கட்டியது. 2011-ல் அந்தக் கார் சூரத் தொழிலதிபர் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டாகப் போய்ச் சேர்ந்தது. சச்சின் வீட்டுக்கு வந்த யானையே இந்தப் பாடு படுத்தியது என்றால் பட்டறைக்காரர் எம்மாத்திரம்?

அவர் முதலில் விசாரித்தது காகிதங்களை. வேறு மாநில வண்டி என்றால் அங்குள்ள ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. வாங்க வேண்டும். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் தமிழ்நாட்டு நம்பருக்கு மாற்றியே ஆக வேண்டும். அப்போது கட்டும் ஆயுள் வரியில் வண்டியின் வயதுக்குத் தள்ளுபடி உண்டு. ஆனால் கணக்கு தொடங்குவது இன்றைய விலையிலிருந்து அல்ல, புதிதாக இருந்தபோது இருந்த விலையிலிருந்து! 15 வருடம் தாண்டிய வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இறக்குமதிக் கார் என்றால் 2022 ஏப்ரலிலிருந்து அதற்கான கட்டணம் 40,000 ரூபாய். 'எளாவூர் செக்போஸ்ட்டைத் தாண்டிட்டா நம்ம ஊருதானே' என்று நினைத்திருந்தவருக்கு இங்கேயே பாதிக் காற்று இறங்கிவிட்டது.

எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் முக்கியம். 2020 டிசம்பரில் மும்பை போலீஸ் தமிழ்நாட்டு நம்பர் கொண்ட டிசி அவந்தி ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பிடித்தது. அதே எஞ்சின், சேஸிஸ் நம்பர்கள் ஹரியானாவிலும் பதிவாகியிருந்தன என்பது குற்றச்சாட்டு. பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் கார் பேசாது, நம்பர்தான் பேசும்.

காகிதம் சரியாக இருந்தது. ஆகவே இந்த மாதிரிக் கார்களில் பழக்கப்பட்ட ஒரு மெக்கானிக்கைச் சென்னையிலிருந்து கூட்டிக்கொண்டு ஹைதராபாத் போனார். பானட்டைத் திறந்தால் எஞ்சினைக் காணோம்! சாமான் வைக்கும் இடம்தான் இருந்தது. பின்னால் திறந்தாலும் அப்படியே. பாக்ஸ்டரில் எஞ்சின் நடுவில், சீட்டுகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். எட்டிப் பார்க்கவே மூடிகளைக் கழற்ற வேண்டும்.

"அண்ணே, இதுக்குள்ள ஒரு பேரிங் இருக்குது. அதுதான் இந்த வண்டிக்கே தலையெழுத்து" என்றார் மெக்கானிக். இன்டர்மீடியட் ஷாஃப்ட் என்ற ஒரு தண்டைத் தாங்கும் பேரிங் அது. 2005 வரையிலான பாக்ஸ்டர்களில் அது உடைந்து எஞ்சினே போன கதைகள் உலகம் முழுக்க உண்டு. அமெரிக்காவில் வழக்கு வரைக்கும் போனது. அதன் பிறகு பேரிங்கைப் பெரிதாக்கினார்கள், உடைவது குறைந்தது. ஆனால் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் எஞ்சினையே இரண்டாகப் பிளக்க வேண்டும். 2009 மாடலிலிருந்து அந்தத் தண்டே கிடையாது. இவர் பார்க்கும் வண்டி 2008! வாழ்நாள் முழுக்க ஷாஃப்ட்டோடும் பேரிங்கோடும் மல்லுக்கட்டியவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மற்ற சோதனைகள் நடந்தன. கார்ப்பெட்டைத் தூக்கி, சீட்டுக்கு அடியில் உள்ள எலக்ட்ரானிக் பெட்டியில் ஈரக் கறை தெரிகிறதா என்று பார்த்தார்கள். ஹைதராபாத்தில் 2020 அக்டோபரில் வெள்ளம், சென்னையில் 2015-லும் 2023-லும் வெள்ளம். முங்கி எழுந்த கார்கள் பாலிஷ் போட்டுக்கொண்டு வேறு ஊரில் விலைக்கு வருவது புதிதல்ல. எஞ்சினின் கம்ப்யூட்டரில் கம்பியைச் செருகி, யாராவது அளவுக்கு மீறி எஞ்சினைச் சுழற்றியிருக்கிறார்களா என்றும் பார்த்தார்கள். எல்லாம் சுத்தம்.

டயர்தான் காட்டிக்கொடுத்தது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். எந்த வாரம், எந்த வருடம் செய்தது என்பதை அது சொல்லும். இந்த டயர்களுக்குப் பதினோரு வயது! பூ தேயவில்லை, ஆனால் ரப்பர் இறுகிவிட்டது. 2013-ல் நடிகர் பால் வாக்கர் இறந்த விபத்தில் முதன்மைக் காரணம் வேகம் என்றாலும், அந்த போர்ஷேயின் டயர்கள் ஒன்பது வருடம் பழையவை என்பதையும் விசாரணை குறிப்பிட்டது. குறைவாக ஓடிய கார் என்றால் நல்ல கார் என்று அர்த்தமில்லை. நின்றே கிழடான கார் என்றும் அர்த்தம் வரலாம்.

திரும்பி வரும் ரயிலில் அவர் யோசித்தது டயரைப் பற்றி அல்ல. மூன்று ஓனர்கள், பதினேழு வருடங்கள், 28,000 கிலோமீட்டர். வருடத்துக்கு இரண்டாயிரம்கூட இல்லை. ஆக, மூன்று பேர் ஆசை ஆசையாக வாங்கியிருக்கிறார்கள், மூன்று பேருமே ஓட்டவில்லை. ஏன்?

எளாவூரில் வந்து இறங்கியதும் பதில் கண் முன்னாலேயே இருந்தது. நெடுஞ்சாலை முழுக்க டிரெய்லர், டேங்கர். ஊருக்குள் திரும்பினால் வேகத்தடை. விதிப்படி போட்ட வேகத்தடையே 10 சென்டிமீட்டர் உயரம். நம் ஊரில் விதிப்படி யார் போடுகிறார்கள்? அந்தக் காரின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியும் ஏறக்குறைய அவ்வளவேதான். பெட்ரோல் பங்க்கிலோ இன்று 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 2008-ல் அதை நினைத்து யாரும் அந்த எஞ்சினைச் செய்யவில்லை. ஒரு டிஸ்க் தேய்ந்தால், ஒரு சென்சார் போனால், கப்பலில் வரும் பாகத்துக்காக வண்டி மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும். அதற்குள் இன்னொரு பாகம் காயும்.

"என்னங்க, முடிச்சிட்டீங்களா?" என்று மனைவி கேட்டார்.

"விலை கட்டுப்படியாகுது. தீனிதான் ஆகல" என்றார்.

அவர் ஆசையைக் குறை சொல்ல முடியாது. ஒரு வருடத்துக்கு எவ்வளவு தீனி, எத்தனை நாள் உண்மையிலேயே ஓட்டுவோம், பெரிய செலவு ஒன்று வந்தால் பட்டறை நிற்காமல் தாங்குமா என்ற மூன்று கேள்விக்கும் துணிந்து பதில் சொல்ல முடிந்தவர் தாராளமாக வாங்கலாம். அவருக்கு மூன்றாவது கேள்வியில் நாக்கு ஒட்டிக்கொண்டது. பட்டறையில் நான்கு பேர் வேலை செய்கிறார்கள்.

பட்டறைக்கு சி.என்.சி. மெஷின் வந்துவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் அடுத்த பந்தயம் எப்போது என்று மட்டும் அக்கா மகனிடம் கேட்டு வைத்திருக்கிறார். இந்த முறை மாமன் அவர்தான்.