விழுந்த பல்லைக் கையிலெடுத்தோம்

பல் நோயால் வருந்துவோரின் பாதுகாவலியான புனித அப்போலோனியா, 249-ஆம் ஆண்டளவில் அலெக்சாந்திரியாவில் பற்கள் நொறுக்கப்பட்டு வேதசாட்சியாக மரித்தவர். பெப்ருவரி 9-ஆம் நாள் வரும் அவருடைய திருநாளை ஒட்டி, எங்கள் பங்குப் பள்ளியில் ஞாயிறு திருப்பலிக்குப் பின் பெற்றோரும் ஆசிரியருமாக இருபது பேர் கூடினோம். அடிபட்டுப் பல் விழுந்தால், மருத்துவரை அடையும்வரை செய்ய வேண்டியதைக் கையால் செய்து பழகுவதே நோக்கம்.

சொற்பொழிவை எதிர்பார்த்து வந்தவர்கள் மேசையைக் கண்டு திகைத்தோம். கசாப்புக் கடையில் வாங்கிக் கழுவிய ஆட்டுத் தாடைகள், கழற்றி வைத்த பற்கள், ஒரு செம்பு ஆறிய பால்! ஆட்டிற்கு மேல்தாடையில் முன்பற்களே இல்லையாம். கீழே மட்டும் எட்டு. இத்தனை ஆண்டுகள் ஆட்டுக்கறி உண்டு வந்த எங்களில் பலர் அதை அன்றுதான் அறிந்தோம்.

சென்ற ஆண்டு எங்கள் தெருவில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முன்பல் வேரோடு விழுந்தது. வீட்டார் அதைச் சோப்பிட்டுத் தேய்த்து, காகிதத்தில் மடித்து, மறுநாள் கொண்டு சென்றனர். பல் வெண்மையாகத்தான் இருந்தது; ஆனால் பிழைக்கவில்லை. அதன் காரணத்தைப் பயிற்சிக்கு வந்த மருத்துவர் விளக்கினார். வேரைப் போர்த்திய மெல்லிய சவ்விலுள்ள உயிரணுக்களே பல்லை எலும்போடு பிணைப்பவை. உலர்ந்த நிலையில் 30 நிமிடம் கழிந்தால் அவற்றுள் பெரும்பாலானவை மடிந்துவிடும். தேய்த்தாலும் அழியும்.

ஆகவே பல்லின் தலைப்பகுதியை மட்டுமே பிடிக்க வேண்டும், வேரைத் தொடலாகாது. கேட்பதற்கு எளிதாகவே இருந்தது. செய்யப் புகுந்தபோதோ ஈரப் பல் வழுக்கியது; விரல்கள் தாமாகவே வேரைப் பற்றின. மூன்றாம் முறையில்தான் கை அடங்கியது. பாலில் மெல்ல அலசி, முன்புறம் பின்புறம் பார்த்துக் குழியில் வைத்தோம். பாதியில் நின்றது. சற்று உறுதியாக அழுத்தவே, பக்கத்துப் பல்லோடு வரிசையாய் அமர்ந்தது. எவ்வளவு அழுத்துவது என்பதை எந்தப் புத்தகமும் விரலுக்குச் சொல்லாது.

“பிள்ளை அலறும்போது எப்படி மனம் வரும், டாக்டர்?” என்று ஓர் அம்மையார் கேட்டார். எங்கள் எல்லார் நெஞ்சிலும் இருந்த கேள்வி அது.

“மனம் வராவிட்டால் பாலில் இட்டு உடனே ஓடி வாருங்கள் அம்மா. பால் கிடைக்காவிட்டால் பிள்ளையின் எச்சிலிலாவது வையுங்கள். தண்ணீர் அவ்வளவு நல்லதன்று, ஆனாலும் உலர விடுவதைவிட மேல்” என்றார் அவர். பல் காயங்களுக்கான பன்னாட்டுச் சங்கம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறைகளும் இவ்வாறே கூறுகின்றன. பாற்பல்லானால் திரும்ப வைக்கவே கூடாது. உள்ளே வளரும் நிலைப்பல் ஊறுபடும்.

மருத்துவமனையில் அப்பல்லை அண்டைப் பற்களோடு மெல்லிய கம்பியால் இணைத்து இரண்டு வாரம் நிறுத்துவார்கள். நைலான் தூண்டில் நரம்பும் இதற்கு உதவும் என்றதும், எங்களோடிருந்த மீனவத் தந்தை ஒருவர் முகம் மலர்ந்தார்.

கை கழுவும்போது தலைமையாசிரியை, பள்ளிச் சமையற்கூடத்தில் எந்நேரமும் பால் இருக்குமா என்று வினவினார். பதினொரு மணிக்கு மேல் இராது என்றார் சமையற்காரர். எதிரிலுள்ள தேநீர்க் கடைக்காரரிடம் அன்றே பேசி வைத்தோம்.