கூட்டப் பெயரும் குரோமோசோமும்

உதவித்தொகைக்கு இணையத்தில் விண்ணப்பித்த நண்பர்கள் அறிவார்கள்; 'குடும்பப் பெயர்' என்றொரு கட்டம் வரும். நம்மில் பலருக்கு அப்படி ஒன்று கிடையாது. முன்னெழுத்து உண்டு, அதுவும் தலைமுறைக்குத் தலைமுறை மாறிவிடும். எங்கள் சோமனூர்ப் பக்கத்தில், பெயரோடு ஒட்டாமலும் மறக்கப்படாமலும் தந்தை வழியில் வருவது கூட்டப் பெயர்தான். ஒரே கூட்டத்தார் பங்காளிகள். தங்களுக்குள் பெண் கொடுக்கவோ எடுக்கவோ மாட்டார்கள். குலதெய்வக் கோயிலுக்குத் தலைக்கட்டு வரி கொடுப்பவர்களும் அவர்களே.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் பெரியப்பா மகன், சென்ற ஆண்டு டி.என்.ஏ. சோதனைக் குழாய்கள் சிலவற்றோடு ஊருக்கு வந்தார். தம் உமிழ்நீரையும் பங்காளிகள் இருவருடையதையும் சோதித்து, எல்லாரும் ஒரே வேரா என்று பார்க்கப் போவதாகச் சொன்னார். "எனக்கு வேண்டாமாண்ணா?" என்றேன். "உனக்குத்தான் அந்தக் குரோமோசோமே இல்லையே கண்ணு" என்றார்.

விலங்கியல் படிப்பவளுக்கு இது தெரியாததன்று. ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும், பெரும்பாலும் மாறாமல் செல்கிறது. இங்கிலாந்தில் குடும்பப் பெயரும் அதே வழியில் செல்வதால், ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் பிரையன் சைக்ஸ் தம் பெயரையே ஆராய்ந்தார். சைக்ஸ் என்ற பெயருடைய 48 ஆண்களைச் சோதித்ததில், பாதிக்குச் சற்றுக் குறைந்தவர்களிடம் ஒரே வகை ஒய் குரோமோசோம் இருந்ததை 2000-இல் வெளியிட்டார். மற்றவர்களிடம் பெயர் இருந்தது. அந்தக் குரோமோசோம் இல்லை. ஆயினும், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய எனக்கு, எங்கள் கூட்டத்தின் சாட்சியாக நிற்க உடம்பில் ஒரு துளி இல்லை என்பது சற்று உறுத்தத்தான் செய்தது.

அப்போதுதான் ஆத்தா குறுக்கிட்டார். "வேண்டாஞ் சாமி. எங்க மாமனாரு இந்த வீட்டுக்குச் சுவீகாரம் வந்தவரு. மக வயித்துப் பேரன். ஆம்பள வாரிசு இல்லீன்னு எடுத்து வளத்துனாங்க. இத்தன வருசமாக் கோயிலுக்கு வரி கட்டறோம். இப்பப் போயி எதுக்கு நோண்டறே?"

வீடே அமைதியாகிவிட்டது. எனக்கோ கணக்கு ஓடியது. அவர் அந்த வீட்டின் சொந்தப் பேரன். இரத்தம் அதே இரத்தம். ஆனால் அது ஒரு பெண்ணின் வழியாக வந்தது. ஆகவே ஒய் சோதனை அவரை அந்நியர் என்று சொல்லிவிடும்! பத்துத் தலைமுறைக்கு முன் ஒருவருக்கு 1,024 முன்னோர் இடங்கள் உண்டு. ஒய் குரோமோசோம் அவற்றில் ஒன்றைத்தான் அறியும்.

அரச குடும்பமும் இதற்கு விலக்கன்று. 1485-இல் போரில் இறந்த மூன்றாம் ரிச்சர்டு மன்னரின் எலும்புகள் 2012-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் ஒரு வாகன நிறுத்துமிடத்தின் அடியில் கிடைத்தன. ஆண்வழி உறவினர் என்று வம்சாவளி காட்டிய ஐவரில் ஒருவருடைய ஒய் குரோமோசோமும் மன்னருடையதோடு பொருந்தவில்லை. அவரை அடையாளம் காட்டியது, தாயிடமிருந்து பிள்ளைகளுக்கு வரும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. மன்னருடைய சகோதரியின் பெண்வழியில் வந்தவர்களிடம் அது இருந்தது.

நம் நாட்டிலும் ஆய்வு நடந்துள்ளது. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினர், தமிழகத்தின் 31 சமூகங்களைச் சேர்ந்த 1,680 ஆண்களின் ஒய் குரோமோசோம்களை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டனர். சமூகங்களுக்கிடையே காணும் வேறுபாடுகள், சாதி அமைப்புக்கு முன்பே வேளாண்மை பரவிய காலத்தோடு பொருந்துவதாக அவர்கள் கண்டனர். பல்லாயிரம் ஆண்டுக் கணக்கு அது. கூட்டத்தின் பெயரை எந்தக் குழாயும் சொல்லாது. இரண்டு ஆண்கள் ஒரே தந்தைவழியா என்று மட்டுமே ஒப்பிட்டுச் சொல்லும். ஒருவர் துப்பினால் உறவினர் எல்லாருடைய இரகசியமும் சேர்ந்தே போகிறது என்பதையும் மறக்கலாகாது. 2023-இல் இத்தகைய அமெரிக்க நிறுவனம் ஒன்றிலிருந்து ஏறக்குறைய 69 இலட்சம் பேரின் விவரங்கள் திருடப்பட்டன.

கூலிக்குத் தறி ஓட்டும் என் அப்பா அன்று அதிகம் பேசவில்லை. "பழைய பாவு தீந்தாப் புதுப் பாவைப் பிணைக்கறோம். துணி அதே துணிதானே?" என்று சொல்லிவிட்டுத் தறிக்குடோனுக்குப் போய்விட்டார். அண்ணனும் குழாய்களைத் திறக்காமலே எடுத்துச் சென்றார். பிறகு சோதித்தாரா என்று நான் கேட்கவில்லை. இதை எழுதலாமா என்று ஆத்தாவிடம் கேட்டேன். "கோயல்காரங்க காலேசுப் புத்தகமெல்லாம் படிப்பாங்களா?" என்று சிரித்துவிட்டு, "எழுதிக்கோ" என்றார்.

இப்போது நான் வேறொரு பட்டியல் எழுதி வருகிறேன். அம்மா, அம்மிச்சி, அம்மிச்சியின் அம்மா, அவருடைய அம்மா என்று மேலே போகும் பட்டியல். என் உடம்பில் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா வந்த வழி அது. ஒவ்வொருவரும் வாழ்க்கைப்பட்டதும் வேறு கோயிலுக்கு வரி கொடுத்ததால், இந்த வழிக்குக் கூட்டமும் இல்லை, பெயரும் இல்லை. அம்மிச்சிக்குத் தன் பாட்டியின் பெயர் வரை நினைவிருக்கிறது. அதற்கு மேல் ஊர் மட்டும்தான் தெரிகிறது, அவிநாசிக்குப் பக்கமாம்.