ஒட்டுப்போட்ட சுவர்கள்

ஸ்ரீநகரில் ஜீலம் நதியோரப் பழந்தெருக்களில் நடந்தபோது, ஒட்டுப்போட்ட போர்வை போன்ற சுவர்களைக் கண்டு வியந்து நின்றோம். மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைத்து, இடையே சிறு கற்களையும் மண்சாந்தையும் நிரப்பியிருந்தனர். 'தஜ்ஜி தேவாரி' என்பது இம்முறையின் பெயர்.

இதே நதி சென்றடையும் முசாபராபாத் பகுதியை 2005 அக்டோபர் 8 காலையில் நிலநடுக்கம் உலுக்கியது. பாகிஸ்தானில் மட்டும் 70,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கனத்த கூரைகள் பள்ளிப் பிள்ளைகள்மேல் வீழ்ந்தன. தஜ்ஜி வீடுகளோ அசைந்தன, சாந்து உதிர்ந்தது, ஆயினும் பல நிலைத்து நின்றன. அதிர்வின் வேகம் கல்லும் மரமும் உராய்ந்த எண்ணற்ற சிறு இடங்களில் தணிந்தமையே காரணம்.

இடிபாடுகளில் கிடைத்த மரத்தையும் கல்லையும் கொண்டே மலைவாழ் மக்கள் மீண்டும் அவ்வாறு கட்டினர். அரசும் பின்னர் அம்முறையை ஏற்று உதவித்தொகை வழங்கியது. பாட்டனின் அறிவே பேரனுக்குக் கூரையாயிற்று!