பொங்கிய வாளி

அம்மா லீட்ஸுக்கு வந்திருந்த அந்த ஜூலையில் நான் பீர் காய்ச்சியிருக்கக் கூடாது. ஈஸ்ட் பாக்கெட் காலாவதியாகப் போகிறது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். அவள் மருமகனோடு யார்க் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை, மால்ட் சாறையும் ஹாப்ஸையும் கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட் தூவி, வாளியை மாடிப்படிக்குக் கீழேயுள்ள அலமாரியில் ஒளித்தேன்.

அப்பா குடித்தார். சம்பள நாளில் அம்மா பித்தளைப் பாத்திரங்களைப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவாள். நானும் ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன். அப்படி வளர்ந்தவள் பீர் காய்ச்சுகிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

25 லிட்டர் வாளியில் 23 லிட்டர் ஊற்றியிருந்தேன், கோதுமை பீர் ஈஸ்ட் நுரையைக் கொட்டும் என்று தெரிந்தும். வீட்டுக்குள்ளேயே 27 டிகிரி. நொதிக்கும்போது ஈஸ்ட் தானும் சூடு கிளப்பும். திங்கள் இரவு பார்த்தால், காற்று வெளியேறும் ஏர்லாக்கை நுரை அடைத்திருந்தது, மூடி பூரிபோல உப்பியிருந்தது. ஏர்லாக்கைக் கழற்றிக் காற்றை விட்டிருக்க வேண்டும். நானோ மூடியை அழுத்தி, அதன்மேல் பத்து கிலோ அரிசி மூட்டையை வைத்தேன். வாசனை வெளியே வரக் கூடாது, அவ்வளவுதான் என் கவலை.

இரவு இரண்டு மணிக்கு வெடித்தது. மூடி பிய்த்துக்கொண்டு, மூட்டை சரிந்து, அலமாரிச் சுவரெல்லாம் நுரை. கண்ணாடி ஜாடியில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

அம்மா விளக்கைப் போட்டாள். அந்த வாசனையை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"நான்தாம்மா செய்யறேன். பீர்."

வெகுநேரம் பேசவில்லை. பிறகு வாளிக்குள் எட்டிப்பார்த்து, "வாய்வரைக்கும் ஊத்தினா பொங்காம என்னடி பண்ணும்? மாவுக்குப் பாதிச் சட்டி காலியா விடணும்னு தெரியாது உனக்கு?" என்றாள்.

கொதிநீரில் கழுவிய பாத்திரத்தில் நாலு லிட்டர் இறக்கினோம். ஏர்லாக் இருந்த ஓட்டையில் அகலமான குழாயைச் செருகி, மறுமுனையைத் தண்ணீர் ஜாடிக்குள் விட்டேன். இனி நுரை அந்த வழியாகப் போகும். வாளியைக் குளியல் தொட்டிக்குத் தூக்கிப்போய்ப் பாதி உயரத்துக்குக் குளிர்ந்த நீர் நிரப்பினோம். மண்பானைக்குச் சுற்றுவதுபோல அம்மா ஈரத்துண்டைச் சுற்றினாள். ஃப்ரீசரில் உறைந்த தண்ணீர் பாட்டில்களைத் தொட்டிக்குள் போட்டேன். விடியும்போது 20 டிகிரி. அதிகச் சூட்டில் நொதித்தால் பீரில் சாராய நெடி ஏறிவிடும். அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை.

தொட்டி விளிம்பில் உட்கார்ந்து வேறொன்றைச் சொன்னேன். 1300 வாக்கில் இங்கிலாந்தில் ஏல் காய்ச்சி விற்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 'ப்ரூஸ்டர்' என்பதே காய்ச்சுகிற பெண்ணைக் குறித்த சொல். ஏல் சில நாளில் புளித்துவிடும். அடுப்படியில் காய்ச்சி அக்கம்பக்கத்தில் விற்றார்கள். ஹாப்ஸ் போட்ட பீர் நாள்பட நின்றது, தொழில் பெருத்தது, பெரிய முதல் தேவைப்பட்டது. பெண்களுக்கு யார் கடன் தருவார்கள்? 1600க்குள் அது ஆண்களின் தொழிலாகிவிட்டது. ஜூடித் பென்னட் 1996இல் இதை ஒரு முழுப் புத்தகமாகவே எழுதியிருக்கிறார்.

அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"காய்ச்சினவ யாருன்னு எழுதியிருக்கா, சரி. குடிச்சவன்கிட்ட அடி வாங்கினவ யாருன்னு எழுதியிருக்காளா?"

எனக்குப் பதில் வரவில்லை. ஜாடியில் குமிழிகள் வந்துகொண்டே இருந்தன.

மூன்று வாரம் கழித்து நானும் கணவரும் முதல் பாட்டிலைத் திறந்தோம். அம்மா முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், நான் கேட்காமலே வாளியைக் கம்பி நாரால் தேய்த்துப் பளிச்சென்று கழுவி, வெயிலில் கவிழ்த்துவைத்திருந்தாள். பிளாஸ்டிக் வாளியில் கம்பி நார் பட்டால் கீறல் விழும். கீறலில் கிருமி தங்கும். அதில் பிறகு பீர் காய்ச்ச முடியாது. இது தெரிந்துதான் தேய்த்தாளா என்று நான் கேட்கவில்லை. இப்போது அதில் அரிசி கொட்டிவைத்திருக்கிறேன். பீருக்கு 33 லிட்டர் வாளி ஒன்று புதிதாக வாங்கிவிட்டேன்.