தரைத் தகட்டுக்கு அடியில்

போடிநாயக்கனூரில் விடியும் முன்னே ஜீப்புகள் கிளம்பிவிடும். ஏலக்காய்த் தோட்டங்களில் காய் பறிக்கப் போகிற பெண்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு, போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, இடுக்கி மாவட்டத்தில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். இடைப்பட்ட பகலில் உரமூட்டை, மருந்து டிரம், காய்ச்சாக்கு. இதில் பல வண்டிகள் மகிந்திராவின் பழைய கமாண்டர், மேஜர், எம்.எம். 540 வகையறா. அவற்றின் எஞ்சினுக்குச் சாவில்லை. ரீபோர் செய்து, பிஸ்டன் மாற்றி, இன்னொரு பத்து வருஷம் ஓட்டிவிடலாம். சாவது பாடிதான். அதுவும் பானட், மட்கார்டு என்று கண்ணில் படுகிற இடத்தில் அல்ல, பின்பக்கத் தரையில்.

தேனி போகிற சாலையோரத்தில் ஒரு டிங்கரிங் பட்டறை. பெயர்ப் பலகை கிடையாது. தகரக் கூரை, கேஸ் வெல்டிங் சிலிண்டர்கள், பிற்பாடு வாங்கிய சிஓ2 வெல்டிங் மிஷின் ஒன்று. மேஸ்திரிக்கு ஐம்பது தாண்டியிருக்கும். கூட இரண்டு பையன்கள். நான் போனபோது ஒரு மேஜரின் சீட்டு, ரப்பர் பாய், டீசல் டேங்க் எல்லாவற்றையும் கழற்றி வெளியே வைத்திருந்தார்கள். டேங்க்கை இறக்காமல் இந்தப் பட்டறையில் யாரும் டார்ச் கொளுத்துவதில்லை. பேட்டரி ஒயரையும் கழற்றிவிடுகிறார்கள், இல்லாவிட்டால் வெல்டிங் கரண்ட் ஆல்டர்னேட்டரைக் காவு வாங்கிவிடும்.

வண்டியின் சொந்தக்காரர் பக்கத்திலேயே நின்றார். அவர் பார்வையில், பின்பக்கம் இரண்டு ஓட்டை. அவ்வளவுதான்.

மேஸ்திரி முதலில் கையில் எடுத்தது காந்தம். பழைய ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கியது. பக்கவாட்டுத் தகட்டில் அதை நகர்த்திக்கொண்டே போனார். ஒட்டி ஒட்டி வந்த காந்தம் சக்கர வளைவுக்கு மேலே ஓரிடத்தில் பிடியில்லாமல் கீழே விழுந்தது. அங்கே தகடு இல்லை, வெறும் பட்டி. முன்பு யாரோ ஓட்டையை அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயின்ட் அடித்திருக்கிறார்கள். அடுத்து ஸ்க்ரூ டிரைவர். அதன் கைப்பிடியால் தரையைத் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல தகடு கணீர் என்றது. இரண்டாவது சட்டத்துக்கு மேலே சத்தம் அடங்கிப்போனது. ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பி முனையால் ஒரு குத்து. அப்பளம் மாதிரி நொறுங்கி உள்ளே போனது.

“ரெண்டு ஓட்டைன்னு சொன்னீகள்லண்ணே, இந்தா பாருங்க, அம்புட்டும் போயிருச்சு.”

தரைக்கு அடியில் குறுக்கே ஓடும் சட்டங்களை நான் குனிந்து பார்த்தேன். தகட்டைத் தொப்பி வடிவில் மடக்கி, தரையின் அடிவயிற்றில் பற்றவைத்திருக்கிறார்கள். பலத்துக்கு அருமையான ஏற்பாடு. ஆனால் தரைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு மூடிய பள்ளம் உண்டாகிவிடுகிறது. சீட்டு போல்ட் ஓட்டை வழியாக இறங்குகிற தண்ணீர் அதற்குள் போனால் வெளியே வர வழியில்லை. இது பரம்பரை நோய். இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பில் இந்தப் பள்ளத்துக்குள் மரக்கட்டையை வேறு வைத்தார்கள். கட்டை ஈரத்தைக் குடித்துப் பத்திரமாக வைத்துக்கொண்டது. இன்றைக்கு வரும் கார் பாடிகளைத் தொட்டியில் முழுசாக அமிழ்த்தி, மின்சாரம் பாய்ச்சி, சந்துபொந்தெல்லாம் பிரைமர் ஏற்றுகிறார்கள். அந்தக் காலத்து ஜீப்பின் பள்ளத்துக்குள் அப்படி ஒன்றும் போய்ச் சேர்ந்ததில்லை. அதனால் துரு உள்ளேயிருந்து வெளியே தின்றுகொண்டு வருகிறது. மேலே பெயின்டில் ஒரு கொப்புளம் தெரிகிற நேரத்தில் அடியில் வேலை முடிந்திருக்கும். துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும், கொப்புளம் வருவது அதனால்தான்.

கடலோரத்து வண்டிக்கு உப்புக்காற்று. பனி நாடுகளில் சாலையில் உப்பையே கொட்டுகிறார்கள். போடியில் கடலும் இல்லை, பனிக்கட்டியும் இல்லை. அப்புறம் ஏன் இந்தக் கோலம் என்று மேஸ்திரியிடம் கேட்டேன். மழை என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் தரை மூலையைச் சுரண்டி, வெளுத்துப்போன ஒரு பொருக்கை எடுத்துக் காட்டினார். “பொட்டாஷ். மூட்டை கிழிஞ்சா கூட்ட மாட்டாய்ங்க. அது மேலயே பாயை விரிச்சுருவாய்ங்க.”

தோட்டத்துக்குப் போகும் பொட்டாஷில் பெரும்பகுதி பொட்டாசியம் குளோரைடு. கடல் உப்பில் இரும்பைக் கெடுக்கிற அதே குளோரைடுதான் அதிலும் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழையில் நனைந்து வருகிறவர்களின் காலடி ஈரம் போதும், ரப்பர் பாய்க்கு அடியில் அது உப்புக் கரைசலாகிவிடும். இன்னொன்று மயில்துத்தம். ஏலக்காய் அழுகல் நோய்க்கு அடிக்கும் போர்டோ கலவைக்காக அதையும் இந்த ஜீப்பில்தான் ஏற்றுகிறார்கள். ஆணியை மயில்துத்தக் கரைசலில் போட்டு வைத்தால் ஆணி மேல் செம்பு படியும் என்று பள்ளிக்கூடத்தில் செய்து காட்டினார்களே, அந்தச் சோதனையின் மறுபாதியை யாரும் கவனிப்பதில்லை. படிந்த செம்புக்கு ஈடாக ஆணியின் இரும்பு கரைந்துபோகிறது. ஜீப்பின் தரையில் அந்தச் சோதனை வருஷக்கணக்காக நடக்கிறது.

வெட்டத் தொடங்கினார்கள். இந்த வேலையில் கையைவிட மனசுக்குத்தான் உறுதி வேண்டும் என்று எனக்குப் பட்டது. ஓட்டை உள்ளங்கை அளவு, சாக்பீஸால் கோடு போட்டது முறம் அளவு. சொந்தக்காரர் பதறினார். மேஸ்திரி பேசவில்லை. பளிச்சென்ற இரும்பு தெரிகிறவரை கிரைண்டர் போனது. துண்டைப் பெயர்த்தபோது மூன்று அடுக்கு தகடு வந்தது. அசல் தரை, அதன் மேல் ஒரு பழைய ஒட்டு, அதற்கும் மேல் ஒன்று. ஒட்டு மேல் ஒட்டு போட்டால் இரண்டுக்கும் நடுவே தண்ணீருக்கு இன்னொரு வீடு கட்டிக் கொடுத்த கணக்கு. இவர் வெட்டிய அளவுக்கே புதுத்தகடு வெட்டி, விளிம்போடு விளிம்பு சேர்க்கிறார். அதற்கு நேரம் இரட்டிப்பாகும், கூலி இரட்டிப்பாவதில்லை.

தகடு 18 கேஜ், ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர். ஒரே இழுப்பில் பற்றவைத்தால் சூட்டில் நெளிந்துவிடும். இங்கே ஒரு பொட்டு, எதிர்மூலையில் ஒரு பொட்டு, ஆறியதும் நடுவில் ஒரு பொட்டு என்று தாவித் தாவி வைத்தான் சின்னப் பையன். முகமூடி உண்டு, கையுறை ஒன்றுதான் இருந்தது. துருப்பிடிக்காதே என்று சிலர் ஜிஐ தகடு கேட்பார்களாம். பற்றவைக்கும் இடத்தில் அதன் துத்தநாகம் புகையாகிவிடும், ராத்திரி குளிர் காய்ச்சல் வரும். அதற்குப் பால் குடிப்பது எல்லாப் பட்டறையிலும் வைத்தியம். புகை போவது நுரையீரலுக்கு, பால் போவது வயிற்றுக்கு. வெல்டிங் செய்கிற இடத்தில் மேல்பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டத்தில் நின்று வேலை செய்வதுதான் உருப்படியான வழி. அதை இவர் பையன்களிடம் சொல்லத்தான் செய்கிறார்.

வெட்ட முடியாத மூலைகளில் ரஸ்ட் கன்வெர்ட்டர் தடவினார்கள். சிவப்பாக இருந்த துரு கண்ணெதிரே கருத்தது. இந்த வகைத் திரவங்கள் பலவற்றில் இருப்பது டானின். கடுக்காய்ச் சாற்றில் இரும்பு சேர்த்து மை காய்ச்சியவர்களுக்கு இந்தக் கறுப்பு புதிதல்ல. ஆனால் செதில் செதிலாக நிற்கும் துரு மேல் அதைத் தடவுவது வீண். கம்பி பிரஷ் போட்டு உதிர்வதையெல்லாம் உதிர்த்தபின் மிச்சமிருக்கும் மெல்லிய படலத்தில்தான் அது வேலை செய்யும். அன்றைக்கே ரெட் ஆக்சைடு பிரைமரும் அடித்துவிட்டார்கள். தேய்த்த இரும்பை ஒரு ராத்திரி மலையடிவாரக் காற்றில் விட்டால் காலையில் செம்மை பூத்துவிடும்.

பேச்சு கூலிக்கு வந்தது. சட்டத்துக்குள்ளே மெழுகுப் பூச்சு பீய்ச்சவும், அடிப்பக்கம் கோட்டிங் அடிக்கவும் மேஸ்திரி தனியாக ஒரு தொகை சொன்னார். கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு எதுக்குங்க என்றார் சொந்தக்காரர். எஃப்.சி. தகுதிச் சோதனை நெருங்குகிறது, மேலே பளபளப்பாக அடித்தால் போதும், அடியில் பழைய ஆயிலைத் தடவிக்கொள்கிறேன் என்றார். பழைய ஆயில் துருவைக் கொஞ்சம் தள்ளிப்போடும் என்பது உண்மை. சொட்டுகிற இடத்தில் ரப்பர் புஷ்களை ஊறவைத்துக் கெடுக்கும் என்பதும் உண்மை. இரண்டு பேரையும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆள் கூலி, டீசல் போக மிஞ்சுவதில் ஓடும் வண்டி அது.

கடைசியில் பேரம் ஒரு மாதிரி படிந்தது. அடிப்பக்கக் கோட்டிங் இல்லை, சட்டத்துக்கு உள்ளே மட்டும் பூச்சு. அதோடு ஒவ்வொரு சட்டத்தின் தாழ்ந்த முனையிலும் மேஸ்திரி ஓர் ஓட்டை போட்டார். அதற்குக் காசு வாங்கவில்லை. ரப்பர் பாய் வேண்டாம், மரச்சட்டம் அடித்து அதன் மேல் மூட்டையை வையுங்கள், வாரம் ஒரு தடவை தண்ணீர் விட்டுக் கழுவுங்கள் என்றார். துருப்பிடித்த வண்டியைக் கழுவவா என்று சொந்தக்காரரோடு வந்திருந்த டிரைவர் சந்தேகமாகப் பார்த்தார். பொட்டாஷை வேறு எப்படி வெளியேற்றுவது என்று பையன்தான் திருப்பிக் கேட்டான்.

“நாளைக்கு டிரிப்பு இருக்குண்ணே.”

“பெயின்ட் காயணும்ல. நாளன்னைக்கு எடுத்துக்கங்க.”

மறுநாளைக்கு வேறு ஜீப் பிடிக்க டிரைவர் போனை எடுத்துக்கொண்டு சாலைப் பக்கம் போனார்.