புட்டிக்குள் எத்தனை மூட்டை?

அரிக்கமேட்டு மண்ணை 1945ஆம் ஆண்டு வீலர் என்னும் ஆராய்ச்சியாளர் அகழ்ந்தபோது, இரு கைப்பிடி கொண்ட நெடிய சாடிகளின் உடைந்த ஓடுகள் வெளிப்பட்டன. மத்தியதரைக் கடற்கரையிலே பிழிந்த திராட்சைத் தேறலைச் சுமந்து, அலைகடல் தாண்டித் தமிழகம் வந்த சாடிகள் அவை. யவனர் கொணர்ந்த தேறலைப் பொற்கலத்திலே ஏந்தி அருந்திய பாண்டியனைப் பற்றிப் புறநானூறும் பேசுகிறது. என்ன விலை கொடுத்தான் அந்த மன்னன்? புலவர் கூறவில்லை. பரிசில் பெற வந்தவர் பற்றுவரவுக் கணக்கா கேட்டுக்கொண்டிருப்பார்!

ஆனால் நம்மைக் கேட்டுவிட்டார் ஒருவர். கல்லூரியிலே நம்மோடு பயின்ற நண்பர். குடமுருட்டிக் கரையைச் சேர்ந்தவர். இன்று சிங்கப்பூரில் பணி. அவருடைய மேலதிகாரி விருந்துக்கு அழைத்திருக்கிறார். வெறுங்கையோடு போகலாகாது, ஒயின் எனப்படும் தேறல் புட்டி ஒன்றைக் கொண்டுபோவது அங்கே வழக்கம். கடைக்காரரோ, "இத்தகைய இடத்துக்கு நூற்றைம்பது வெள்ளிக்குக் குறைந்து கொண்டுபோனால் மதிப்பிராது" என்றாராம். "ஆசிரியரே! எவ்வளவு செலவிடலாம்? சொல்லும்!" என்று எழுதியிருந்தார் நண்பர்.

சொட்டும் அருந்தியறியாத நம்மிடம் இக்கேள்வி! எனினும் மாணவர்க்குப் பொருளாதாரம் கற்பிப்பவர் நாம். விலை என்று வந்துவிட்ட பிறகு ஒதுங்கிவிட முடியுமா? நண்பரின் தந்தையார் குத்தகை நிலத்திலே குறுவையும் சம்பாவும் பயிரிடுகிறார் என்பதும் நமக்குத் தெரியும். சிங்கப்பூர் வெள்ளி ஒன்று இன்று அறுபது ரூபாய்க்கு மேல். நூற்றைம்பது வெள்ளி என்றால் ஒன்பதாயிரம் ரூபாயைத் தாண்டும். சாதாரண நெல்லுக்கு 2025-26ஆம் ஆண்டுக்கு ஒன்றிய அரசு அறிவித்த ஆதார விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். கொள்முதல் நிலையத்திலே நாற்பது கிலோ மூட்டையாகக் கட்டுகிறார்களே, அந்தக் கணக்கிலே ஒன்பது மூட்டைக்குக் குறையாது. மேட்டூர் திறக்குமா, திறந்தாலும் கடைமடைக்கு நீர் வருமா என்று வானத்தையும் வாய்க்காலையும் மாறிமாறிப் பார்த்து விளைவித்த ஒன்பது மூட்டை நெல், முக்கால் லிட்டர் புட்டிக்குள்!

கணக்கைப் பிரித்துப் பார்த்தோம். தேறலில் உள்ள சாராயச் சத்தின் அளவுக்கே சிங்கப்பூரில் தீர்வை. லிட்டருக்கு 88 வெள்ளி. நூற்றுக்குப் பன்னிரண்டரைப் பங்கு சத்துள்ள முக்கால் லிட்டர் புட்டிக்கு எட்டேகால் வெள்ளி ஆகிறது. இருபது வெள்ளிப் புட்டிக்கும் அதே எட்டேகால்; இருநூறு வெள்ளிப் புட்டிக்கும் அதே எட்டேகால். அதன்மேல் 2024 முதல் நூற்றுக்கு ஒன்பது விற்பனை வரி. ஆக, இருபது வெள்ளிப் புட்டியில் தீர்வையும் வரியும் போக மிஞ்சுவது பத்து வெள்ளி. அதற்குள்தான் தோட்டக்காரன் கூலி, கண்ணாடி, தக்கை, கப்பல், கடைக்காரர் இலாபம் எல்லாம் அடங்க வேண்டும். திராட்சைக்கு எஞ்சுவது என்ன? நாற்பது வெள்ளிப் புட்டியிலோ மிஞ்சுவது இருபத்தெட்டு வெள்ளிக்கு மேல். விலை இருமடங்கு ஆகும்போது மிச்சம் ஏறத்தாழ மும்மடங்கு ஆகிவிடுகிறது. ஆகவே மிக மலிவானதை விட்டு ஒருபடி மேலே செல்வதிலே பொருள் இருக்கிறது. இதை மறுக்க மாட்டோம்.

அதற்கு மேலே? நல்ல தேறலைச் சிலர் புதிய ஓக் மரப் பீப்பாயிலே ஊறவைக்கிறார்கள். வழக்கமான பீப்பாய் 225 லிட்டர் கொள்ளும், முந்நூறு புட்டி. பீப்பாயின் விலை ஆயிரம் யூரோ என்றே கொள்வோம். புட்டிக்கு மூன்றரை யூரோகூட ஆகவில்லை. செங்குத்தான சரிவிலே கையால் பறிப்பது, கொடிக்குச் சில குலைகளே விட்டு மற்றவற்றைக் கழிப்பது, ஆண்டுக்கணக்கிலே நிலவறையில் காப்பது என்று செலவை எவ்வளவு கூட்டினாலும் ஓரிடத்திலே அது நின்றுவிடுகிறது. விலை மட்டும் நிற்பதில்லை! நூறாகிறது, ஐந்நூறாகிறது, ஆயிரமாகிறது. அந்த உயரத்திலே விற்கப்படுவது பெயர். கிடைத்தற்கரியது என்ற பேச்சு. மற்றவரிடம் இல்லாதது நம்மிடம் இருக்கிறது என்ற பூரிப்பு.

நாவுக்குத் தெரியாதா வேற்றுமை என்பீர்கள். பிரெஞ்சு நாட்டுப் போர்தோ நகரிலே புரோஷே என்பவர், தேறற்கலை பயின்ற 54 மாணவர்க்கு வெள்ளைத் தேறலிலே மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார். சிவப்புத் தேறலுக்கு உரிய சொற்களாலேயே அதை வருணித்தனர் மாணவர்! 2001இல் வெளிவந்த ஆய்வு இது. 2008இல் அமெரிக்காவிலே இன்னொரு சோதனை: ஒரே தேறல், ஒருமுறை பத்து டாலர் என்றார்கள், மறுமுறை தொண்ணூறு டாலர் என்றார்கள். தொண்ணூறே இனித்தது என்றனர் அருந்தியவர். பொய் சொல்லவில்லை அவர்கள். மூளையிலே இன்பத்தை உணரும் பகுதியே கூடுதலாகக் கிளர்ந்ததைக் கருவி காட்டிற்று. அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்விலே, விலை மறைத்து நடத்திய ஆறாயிரத்துக்கு மேற்பட்ட சுவைப்புகளைத் தொகுத்தபோது, பயிற்சியில்லாதவர்க்கு விலையுயர்ந்தது சற்றுக் குறைவாகவே பிடித்திருந்தது. திருநீறு தந்து தீராத நோய் தீர்ந்ததென்று சொல்வோரைக் கண்டு நகைக்கிறோமே, இந்த விலைச்சீட்டு மந்திரத்தை என்னென்பது?

வல்லுநரும் தப்பவில்லை. 1976 மே 24 அன்று பாரிசிலே பிரெஞ்சு நடுவர்களே பெயர் மறைத்துச் சுவைத்து, தம் நாட்டுப் புகழ்பெற்ற தேறல்களைத் தாழ்த்தி, கலிபோர்னியத் தேறல்களுக்கு முதலிடம் தந்தனர். குர்னியாவான் என்பவரோ, தம் வீட்டிலேயே கலந்து நிரப்பிப் பழைய பெயர்ச்சீட்டு ஒட்டிய புட்டிகளைப் பெருஞ்செல்வர்களுக்கு விற்று, 2014இல் நியூயார்க்கு நீதிமன்றத்தால் பத்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்.

சுவையே பொய் என்று நாம் வாதிடவில்லை. நெல்மணியைப் பல்லிடைக் கடித்து ஈரம் சொல்லிவிடும் உழவர் நம் தஞ்சையிலே உண்டு. சீரகச் சம்பாவுக்குக் கூடுதல் விலை கொடுப்பவர் ஏமாளி அல்லர். மணம் அறிந்து கொடுக்கிறார். ஆய்விலும், பயிற்சி பெற்ற நாக்கு விலையுயர்ந்ததைச் சிறிதேனும் விரும்பத்தான் செய்தது. நாக்கு பழகட்டும், பிறகு பணம் போகட்டும். நம் ஊர்களிலோ நாக்குக்கு வேலையே இல்லை. 1948இல் மாநிலம் முழுவதும் மதுவிலக்கு, 1971இல் நீக்கம், 1974இல் மீண்டும் விலக்கு, 1981இல் மீண்டும் திறப்பு, 2003 முதல் அரசே சில்லறைக் கடை என்று மாறி மாறி வந்த வரலாற்றிலே, சுவை எது என்று கேட்டவர் யார்? நடவுக்கூலி கைக்கு வந்த மாலையிலே கடையோரம் நின்றபடியே விழுங்கிவிட்டு முகம் சுளிக்கும் தோழனுக்குத் தெரிந்த ஒரே கணக்கு, எவ்வளவு காசுக்கு எவ்வளவு மயக்கம் என்பதே. அவன் வீட்டிலே அன்றைய உலைக்கு அரிசி உண்டா என்பதை நாம் வகுப்பிலே அவன் பிள்ளையின் முகத்தில் படித்துவிடுகிறோம்.

நண்பருக்கு எழுதினோம்: முப்பதிலிருந்து நாற்பது வெள்ளிக்குள் வாங்கும், அதிகம் கேள்விப்படாத ஊர்த் தேறலாகக் கேளும், பெயருக்குக் கொடுக்கும் காசு மிஞ்சும். நல்ல கடையிலே, வெயில் படாத அலமாரியிலிருந்து எடுக்கச் சொல்லும். வெப்பத்திலே வெந்த புட்டி, ஆயிரம் வெள்ளி ஆனாலும் கெட்டதே. மேலதிகாரி விலை கேட்டால் உள்ளதைச் சொல்லும். மிச்சம் நூற்றுப்பத்து வெள்ளியை வழக்கம்போல் ஊருக்கு அனுப்பும்; அடியுரம் வாங்கும் நாள் நெருங்குகிறது, உம் தந்தையார் நேற்றுத்தான் கூட்டுறவுச் சங்கத்து வாசலிலே நின்றிருந்தார்.