குறுக்குல கப்பு வச்ச கதை

எங்க ஊர்ல குறுக்குன்னா அடிமுதுகு. "குறுக்கு ஒடிய வேலை பார்த்தான்"னு சொல்றது வெறும் பேச்சுன்னுதான் நானும் நினைச்சிருந்தேன். போன வருஷம் ஆவணிக் கடைசியில, காட்டுக்குக் குப்பை அடிச்சிட்டு இருக்கும்போது ஒரு கூடையைத் தூக்கி நிமிர்ந்தேன். நிமிர முடியல. குனிஞ்சவன் குனிஞ்சபடியே வரப்புல உட்கார்ந்தேன்.

எனக்கு கோவில்பட்டிக்குக் கிழக்க மூணரை ஏக்கர் கரிசல். முழுக்க மானாவாரி. புரட்டாசியில மழைக்கு முன்னாலயே புழுதியில விதையைப் போட்டுட்டு வானத்தைப் பார்க்கிற பொழப்பு. அந்தப் பதினைஞ்சு இருபது நாளை விட்டுட்டா அந்த வருஷமே போச்சு. வலி வந்தது சரியா அந்த நேரத்துல.

புது வலி இல்ல. 2018ல மக்காச்சோளத்துல படைப்புழு விழுந்தப்ப ஆரம்பிச்சது. 16 லிட்டர் மருந்து டேங்க்கை முதுகுல மாட்டிக்கிட்டு நாள் பூரா நடந்தேன். அதுக்கப்புறம் வருஷத்துக்கு நாலு தடவை வரும், தைலம் தேச்சா போகும். மழை பெய்ஞ்ச கரிசல்ல நடந்து பார்த்தவங்களுக்குத் தெரியும், ஒவ்வொரு காலும் ரெண்டு கிலோ மண்ணோடதான் வெளிய வரும். வயசு ஐம்பத்தஞ்சு. இதெல்லாம் சேர்ந்து ஒரு நாள் வட்டியோட வசூல் பண்ணிருச்சு.

ஊசி போட்டேன். காலாப் பிறந்த பக்கத்து வீட்டுப் பையனைக் கூட்டியாந்து குறுக்குல மிதிக்கவும் விட்டேன். அவன் ஒன்பதாவது படிக்கிறான், ஏறி நின்னுக்கிட்டுச் சிரிச்சான், அவ்வளவுதான் பலன். அப்புறம் ஸ்கேன். டிஸ்க் பிதுங்கியிருக்குன்னு படத்தைக் காட்டி, "இனிமே குனியக்கூடாது, எடை தூக்கக்கூடாது, பெல்ட் போடுங்க"ன்னு ஒரு டாக்டர் சொன்னார். குனியாம என்ன வெவசாயம் பார்க்கிறது? கோயம்புத்தூர்ல இருக்கிற மகன் போன்ல, "குத்தகைக்கு விட்டுருங்கப்பா"ன்னான். அவன் அக்கறையாத்தான் சொன்னான். எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல.

டீக்கடையில ஒரு அண்ணாச்சிதான் கப்பிங் பத்திச் சொன்னார். "ரெண்டே தடவை, பஞ்சாப் பறந்துருச்சு"ன்னார். 2016ல ரியோ ஒலிம்பிக்ஸ்ல அமெரிக்க நீச்சல் வீரர் பெல்ப்ஸ் தோள்ல வட்ட வட்டமா தழும்போட குதிச்சதை டிவியில பார்த்திருப்பீங்க, அதேதான். நமக்கும் புதுசு இல்ல. சித்த மருத்துவத்துல சொல்ற 32 புற மருத்துவத்துல உறிஞ்சல்னு ஒண்ணு உண்டு. சுசுருதர் நூல்ல கொம்பு, அட்டை, சுரைக்குடுக்கை மூணையும் வச்சு ரத்தம் உறிஞ்சுறதைச் சொல்லியிருக்கு. யுனானியில இதுக்குப் பேரு ஹிஜாமா. எங்க அப்பத்தா வாயுப் பிடிப்புக்கு வயித்துல சின்னதா விளக்கைப் பொருத்தி வச்சுச் செம்பைக் கவிழ்த்ததை நானே பார்த்திருக்கேன். உள்ள சூடான காத்து ஆறும்போது சுருங்கும், தோலை மேல இழுக்கும். செம்பு பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்கும்.

நான் போன இடத்துல நெருப்பு இல்ல. பிளாஸ்டிக் கப்பும், காத்தை உறிஞ்ச ஒரு துப்பாக்கி பம்பும். குப்புறப் படுக்கச் சொல்லி எட்டு கப்பு வச்சாங்க. பணியாரச் சட்டியில மாவு எழும்புற மாதிரி தோல் கப்புக்குள்ள எழும்புது. வலின்னு சொல்ல முடியாது, யாரோ எட்டு பேர் சேர்ந்து கிள்ளிப் பிடிச்ச மாதிரி. பத்து நிமிஷம். 500 ரூபாய். "கெட்ட ரத்தம் மேல வந்துருச்சு"ன்னார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழட்டினதும் என் வீட்டுக்காரி, "முதுகுல யாரு நாவப்பழத்தை நசுக்குனது?"ன்னு கேட்டா.

ஆனா உண்மையைச் சொல்லணும், மறுநாள் காலையில வலி பாதிதான் இருந்தது. மூணாம் நாள் பைக் ஓட்டினேன். நாலாம் நாள் குணமாயிட்டேன்னு நானே முடிவு பண்ணி, வண்டியில இருந்து 50 கிலோ டிஏபி மூட்டையைத் தோள்ல ஏத்தினேன். அவ்வளவுதான். ஒண்ணரை வாரம் படுக்கை. கூப்பிட்ட டிராக்டருக்கும், கூலி ஆளுகளுக்கும் முன்னால நின்னு விதைப்பை முடிச்சது என் வீட்டுக்காரிதான்.

சரஸ்வதி பூஜை லீவுக்கு என் தங்கச்சி மக வந்தா. பிசியோதெரபி கடைசி வருஷம் படிக்கிறா. முதுகைப் பார்த்துட்டு, "மாமா, இது கெட்ட ரத்தம் எல்லாம் இல்ல. தோலுக்கு அடியில சின்ன ரத்தக் குழாய் உடைஞ்சு ரத்தம் கட்டியிருக்கு. முட்டுல இடிச்சா கன்னிப்போகுமே, அது மாதிரி"ன்னா. பிரேசில்ல நடந்து 2021ல வெளிவந்த ஒரு ஆய்வையும் சொன்னா. நாள்பட்ட குறுக்கு வலிக்காரங்க 90 பேரை ரெண்டு கூட்டமாப் பிரிச்சு, ஒரு கூட்டத்துக்கு நிஜக் கப்பு, இன்னொரு கூட்டத்துக்குப் பொடி ஓட்டை போட்ட கப்பு. ஓட்டை வழியா காத்துப் போயிரும், உறிஞ்சல் நிக்காது. வாரம் ஒரு தடவை, எட்டு வாரம். கடைசியில நிஜக் கப்பு போலிக் கப்பை ஜெயிக்கல.

எனக்குக் கோவம் வந்துருச்சு. "அப்ப எனக்கு வலி குறைஞ்சது பொய்யா?"

"பொய் இல்ல மாமா. குறைஞ்சது நிஜம். ஆனா அது ரெண்டு மூணு நாள் கதவைத் திறந்துதான் வைக்கும். நீங்க அந்த நேரத்துல மூட்டை தூக்குனீங்க. அப்ப பயிற்சி பண்ணியிருக்கணும்."

நாள் பூரா காட்டுல கிடக்கிறவனுக்கு எதுக்குத் தனியாப் பயிற்சின்னு கேட்டேன். நீங்களும் இதைத்தான் கேட்பீங்க. அவ சொன்னது, வேலையில ஒரே மாதிரி குனியிறோம், களைச்சதுக்கு அப்புறமும் குனியிறோம்; பயிற்சியில கொஞ்சம் கொஞ்சமா சுமையைக் கூட்டுறோம். எனக்கு அப்பத்தான் புரிஞ்சது. காளங்கன்னை முதல் நாளே பார வண்டியில பூட்டமாட்டோம். வெறும் நுகத்தடியை வச்சு நடக்க விடுவோம், அப்புறம் மரத்துண்டை இழுக்க விடுவோம். மாட்டுக்குக் காட்டுன பொறுமையை என் முதுகுக்கு நான் காட்டல.

ஸ்கேன் படத்தைப் பார்த்தும் அவ மிரளல. வலியே இல்லாத ஆளுகளை ஸ்கேன் எடுத்தாலும் பல பேருக்கு டிஸ்க் பிதுங்கல் தெரியுமாம். 2023ல உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட குறுக்கு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டியில பயிற்சியைச் சொல்லியிருக்கு, பெல்ட்டை வழக்கமாப் போடவேண்டாம்னு சொல்லியிருக்கு. என் 1,200 ரூபாய் பெல்ட் இப்ப ஆட்டுக் கொட்டாய்க் கதவைக் கட்ட உதவுது.

ஒரு விஷயத்துல மட்டும் அவ கறாரா இருந்தா. கால் மரத்துப்போய் வலு குறைஞ்சா, உட்கார்ற இடம் மரத்தா, ஒண்ணுக்கு ரெண்டுக்குக் கட்டுப்பாடு இல்லாமப் போனா, குறுக்கு வலியோட காய்ச்சலும் இருந்தா, கப்பும் வேண்டாம் பயிற்சியும் வேண்டாம், நேரா பெரியாஸ்பத்திரிதான். அதே மாதிரி கீறி ரத்தம் எடுக்கிற கப்பு வேற. சர்க்கரை உள்ளவங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடுறவங்க டாக்டரைக் கேட்காம அந்தப் பக்கமே போகக்கூடாதுன்னா.

அவ சொல்லிக் குடுத்தது மூணு. மல்லாக்கப் படுத்து, முட்டை மடக்கி இடுப்பைத் தூக்கி அஞ்சு எண்ணி இறக்குறது. பூனை மாதிரி கை முட்டு ஊனி முதுகை மேலயும் கீழயும் வளைக்கிறது. அதே நிலையில ஒரு கையும் எதிர்க் காலும் நீட்டுறது. முதல் வாரம் இதுல நான் சாய்ஞ்ச சாய்வுக்கு வீட்டு நாயே எழுந்து போயிருச்சு. இதோட நடை. ஆஸ்திரேலியாவுல 701 பேரை வச்சு நடந்த ஆய்வு 2024ல வந்திருக்கு. வலி தீர்ந்தவங்க வாரம் அஞ்சு நாள், அரை மணி நேர நடைக்குக் கொஞ்சம் கொஞ்சமா வந்தப்ப, வலி திரும்பி வர 208 நாள் ஆச்சாம். சும்மா விட்டவங்களுக்கு 112 நாள்.

நான் இன்னும் மூணு தடவை கப்பு வச்சேன். ஆனா வச்ச மறுநாள் மூட்டைப் பக்கம் போகல, பாயை விரிச்சேன். வலி குறைஞ்சிருக்கிற அந்த ரெண்டு நாள்ல குனிய இருந்த பயம் போச்சு. என் கணக்குல கப்போட பிரயோஜனம் அவ்வளவுதான். அது இல்லாமலும் பண்ணியிருக்கலாமோ என்னவோ. கார்த்திகைக்கு அப்புறம் வைக்கல. 500 ரூபாய்க்கு ஒரு ஆள் களை எடுத்து மிச்சமும் நிக்கும். மார்கழியில உளுந்து புடுங்கினேன், ஒரு மணி நேரத்துக்கு ஒருக்க எழுந்து நடந்துக்கிட்டு. மூட்டையை இப்ப ரெண்டு பேர் தூக்குறோம். காட்டைக் குத்தகைக்கு விடல.

மாசியில பருத்தி எடுப்பு நேரம். சாயங்காலம் திண்ணையில இடுப்பைத் தூக்கிக்கிட்டு இருந்தேன். வீட்டுக்காரி அடுப்படி வாசல்ல நின்னு பார்த்துட்டு, "அதை எனக்கும் சொல்லிக் குடுங்க"ன்னா.

"உனக்கு எதுக்கு?"

"குறுக்கு வலிதான். பதினஞ்சு வருஷமா இருக்கு."

பருத்திக் காலத்துல காட்டுல குனிஞ்சு, மத்த மாசம் தீப்பெட்டி ஆபீஸ்ல தரையில உட்கார்ந்தே வேலை பார்த்தவ. என் முதுகைச் சுத்தி ஊசி, ஸ்கேன், பெல்ட், கப்புன்னு இத்தனை ஆயிரம் செலவாகும்போது கூடவே வந்து பெஞ்சுல உட்கார்ந்திருந்தவ. ஏன் சொல்லலன்னு கேட்டேன். "நீங்க கேட்கல"ன்னா.

வீட்டுல ஒரு பாய்தான் இருந்தது. கோவில்பட்டி போனப்ப இன்னொரு கோரைப்பாய் வாங்கிட்டு வந்தேன். காலையில அஞ்சரைக்கு ரெண்டு பேரும் திண்ணையில. அவதான் எண்ணுறா. நான் பத்துல நிறுத்திருவேன், அவ பன்னெண்டு போறா.